ஐந்தாவது கையெழுத்து

அக்கா,

இன்று காலை கல்லூரியில் பசை காய்ச்சினார்கள். ரத்ததான முகாமுக்குச் சுவரொட்டி ஒட்ட வேண்டுமாம். ஆய்வகத்துக்குப் பின்புறம் மூன்று மாணவிகள் மைதாவைக் கரைத்து, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, பழைய தகர டப்பாவில் கிளறிக்கொண்டிருந்தார்கள். சன்னல் வழியே அந்த வாசனை வகுப்புக்குள் வந்தபோது நான் கரும்பலகையில் ஒரு சமன்பாட்டின் பாதியைத்தான் எழுதியிருந்தேன். மீதியை எழுதக் கை வரவில்லை. உங்கள் சேலையிலும், நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுக்கும் செம்பிலும்கூட இருந்த வாசனை அது. பட்டாசு ஆலையில் இருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகளைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு வராந்தாவில் வந்து நின்றுகொண்டேன்.

உங்களை முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டு, கூடவே கிராமப்புறப் பணிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த உங்கள் ஊருக்கு இரண்டு வேன்களில் இருபது பெண்களோடு வந்து இறங்கினோம். ஒவ்வொருத்தி கையிலும் பன்னிரண்டு பக்கப் படிவம். பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் உடல்நலம் பற்றி ஆய்வு.

நீங்கள் தெருக்குழாய்க்குப் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தீர்கள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாத வெள்ளிப்பொடி உங்கள் விரல் இடுக்குகளில் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. என் மாணவி ஒருத்தி உங்கள் அருகில் உட்கார்ந்து பெயர், வயது, படிப்பு என்று ஆரம்பித்தாள். நான்காவது கேள்விக்கு அவள் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் பதில் சொன்னீர்கள். ஐந்தாவதுக்கும் அப்படியே. அவள் திகைத்து என்னைப் பார்த்தாள். நான் வந்தேன்.

"அடுத்து என்ன கேக்கப் போறோம்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியுது?"

"இது நாலாவது பாரம் டீச்சர். போன வருசம் சிவகாசிலருந்து ஒரு காலேசு வந்துச்சு. தை மாசம் பல்கலைக்கழகத்துக்காரங்க வந்தாக. அப்புறம் இன்ஜினியரிங் பிள்ளைக. எல்லாரும் கண்ணு எரியுதா, மூச்சு முட்டுதான்னு இதையேதான் கேட்டாக. தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு எழுதிக்கிட்டுப் போயிட்டாக. நான் ஒண்ணு கேக்கவா? நீங்கள்லாம் படிச்சவுக. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட மாட்டீகளா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள். நான் ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் திரும்பும் வழியில் வேனில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வர, எனக்கு முகம் சூடாகவே இருந்தது. அன்று நாங்கள் எழுதி வந்த படிவங்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். துறை அலமாரியின் கீழ்த்தட்டுக்கு.

அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த மூன்று இடங்களுக்கும் போனேன். மூன்று இடத்திலும் இரும்பு அலமாரி இருந்தது. அதற்குள் சணல் போட்டுக் கட்டிய உங்கள் ஊர் இருந்தது. சிவகாசிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், "பிள்ளைகளுக்கு மார்க் போடணும்னு அனுப்பினோம் மேடம். போட்டாச்சு." பல்கலைக்கழகத்தில் விரிவாக்கப் பணித் துறைத் தலைவர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த மனிதர், நீங்கள் கேட்டதை நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நியாயமான கேள்விம்மா. பேசிப் பாப்போமே" என்றார்.

அப்படித்தான் அந்தக் கூட்டமைப்பு உண்டானது. மூன்று கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரே வட்டாரத்தில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வது என்று ஏற்பாடு. பத்திரிகைக் குறிப்பில் இதைத் துணைவேந்தரின் தொலைநோக்கு என்று எழுதியிருந்தார்கள். குழாயடியில் துணி அலசிக்கொண்டே நீங்கள் கேட்டது என்று யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

முதல் கூட்டத்துக்கு உங்களை அழைத்துப் போனேன். பச்சைக் கரைச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தீர்கள். வாசலில் எல்லோருக்கும் அட்டை குத்திவிட்டார்கள். என் அட்டையில் 'ஒருங்கிணைப்பாளர்' என்றிருந்தது. உங்கள் அட்டையை விரலால் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள்.

"பயனாளின்னா என்ன டீச்சர்?"

"இந்தத் திட்டத்தால பயன் அடையிறவங்கன்னு அர்த்தம்க்கா."

"இன்னும் ஒண்ணும் அடையலையே" என்று சொல்லி அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். கூட்டத்தில் பயிற்சி முகாமுக்கு நாள் குறித்தார்கள். ஆடி மாதக் கடைசி வெள்ளி. அப்போதுதான் எழுந்தீர்கள். "அன்னைக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல கூட்டம் நெரியும். எங்க ஊர்ல நாய்கூட இருக்காது. யாருக்குப் பயிற்சி குடுப்பீக?" அரங்கமே சிரித்தது. துறைத் தலைவர் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீங்களே சொல்லுங்கம்மா. நாளையும் சொல்லுங்க, என்ன பயிற்சி வேணும்னும் சொல்லுங்க" என்றார்.

அப்போது நீங்கள் உங்கள் தங்கையைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கே அதுவரை தெரியாது. உங்களைப்போல அவளும் சரவெடி பின்னுகிறவள். தீப்பிடித்து ஓடி வந்தவளைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. "எல்லாரும் பாசத்துலதான் செஞ்சாக. ஒருத்தர் இங்க் பாட்டிலத் தொறந்து மேல ஊத்துனாரு. ஒருத்தி பசையை அள்ளி அப்புனா. ஆஸ்பத்திரியில டாக்டரு ரொம்ப நேரம் அதைக் கழுவிக்கிட்டே இருந்தாரு. ஒம்பது நாள் இருந்தா." பிறகு, "தீப்பிடிச்சா மொதல்ல என்ன செய்யணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் வச்சுக்கிடலாம்" என்றீர்கள். மேசைமேல் இருந்த நிகழ்ச்சி நிரலை யாரும் அப்புறம் புரட்டவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனசுக்கு இதமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்து மருத்துவர் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வந்தார். இன்ஜினியரிங் பிள்ளைகள் ஆலைகளில் தண்ணீர்த்தொட்டி எங்கே இருந்தால் ஓடிப்போக வசதி என்று வரைபடம் போட்டார்கள். என் மாணவிகள் எந்த மருந்து எதோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். கற்றுக்கொடுக்க வந்தவர்களை நீங்கள்தான் திருத்தினீர்கள். அட்டையில் 'பாதிக்கப்பட்ட பகுதியைக் குளிர்ந்த நீரால் நனைக்கவும்' என்று எழுதி வந்தோம். "தீப்பட்ட எடத்துல தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்கன்னு எழுதினா என்ன? பதட்டத்துல எவ எழுத்துக் கூட்டிப் படிப்பா?" என்றீர்கள். வீங்குவதற்கு முன்னால் வளையலைக் கழற்ற வேண்டும், ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, சுத்தமான வேட்டியால் மூட வேண்டும். இதையெல்லாம் நீங்கள் உங்கள் பேச்சில் சொல்லச் சொல்ல, என் மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு இருக்கும். ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றும் உங்கள் கணவர் ஞாயிறு மட்டும் வீட்டில் இருப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை தெருவில் போய் நின்றுகொள்வார். "கூச்சம் டீச்சர் அவுகளுக்கு" என்று சிரிப்பீர்கள். நான் என் மாமியாரைப் பற்றிக் குறை சொல்வேன். நீங்கள் உங்கள் போர்மேனைப் பற்றிச் சொல்வீர்கள். எனக்குக் கல்லூரியில் அப்படிப் பேச ஒருவரும் இல்லை.

அப்புறம் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

பல்கலைக்கழகம் ஆண்டறிக்கைக்கு ஒரு படம் கேட்டது. என் மாணவி எடுத்த படம் ஒன்று இருந்தது. நீங்கள் கையை உயர்த்தி ஏதோ விளக்கிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் பெண்கள் மூவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நல்ல படம். அதை அனுப்பினேன். கீழே போட உங்கள் வாசகம் ஒன்று கேட்டார்கள். என் குறிப்பேட்டில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். 'நாலு பேர் உக்கார வேண்டிய ரூமுல ஆறு பேர் உக்காந்து வேலை பாக்கோம்.' உங்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெருமையாகத்தான் அனுப்பினேன். ஊர்ப் பெயரோடு அச்சாகியது. அதிலிருந்து ஒரு நாளிதழ் எடுத்துப் போட்டது. உங்கள் ஆலைப் போர்மேன் அதைப் படித்தார்.

படத்தில் இருந்த நான்கு பேரையும் மறுநாள் காலை ஆலை வேனில் ஏற்றவில்லை.

எனக்குச் செய்தி வந்தது மூன்று நாள் கழித்து. உங்கள் மகள் சாத்தூரில் இருந்து தொலைபேசியில் சொன்னாள். பஸ் பிடித்து வந்தேன். தீபாவளிச் சீசன் நேரம். ஊரில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்திகூட வீட்டில் இல்லை, உங்கள் நால்வரைத் தவிர. வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். "வாங்க டீச்சர், சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்டீர்கள். நான் அழுதுவிட்டேன். நீங்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

"நான் முதலாளிகிட்டப் போய்ப் பேசுறேன்க்கா. எங்க நிர்வாகத்துல அவருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க."

"நீங்க தனியாப் போகாதீக. போனா அது சிபாரிசு. இன்னைக்கு எடுப்பாரு, சீசன் முடிஞ்சதும் நிப்பாட்டிருவாரு."

"வேற என்ன செய்ய?"

"எங்களைப் பத்தி என்ன எழுதுனீகளோ அம்புட்டையும் இங்கன வந்து வாசிங்க. நாலு காலேசும் வரணும். முதலாளியும் வரட்டும். ஊர் முன்னாடி வாசிச்சிட்டு, தப்பு எதுன்னு சொல்லுங்க."

அது எளிதாக இல்லை. எங்கள் கல்லூரி முதல்வர், "ஊருக்கும் ஆலைக்கும் நடுவுல நாம எதுக்கும்மா?" என்றார். எங்கள் நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் பட்டாசும் அச்சகமும் நடத்துகிற குடும்பத்தவர்கள். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் மற்ற மூன்று இடங்களும் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டன. தனித்தனியாக இருந்திருந்தால் நான்கு பேருமே பின்வாங்கியிருப்போம். சேர்ந்து இருந்ததால் முதலில் பின்வாங்க ஒருவருக்கும் முகம் இல்லை. எங்கள் முதல்வரும் கடைசியில் வந்தார்.

அந்த ஞாயிறு சமுதாயக் கூடத்தில் உட்கார இடமில்லை. உங்கள் முதலாளி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். அப்பாவிடமிருந்து ஆலையை வாங்கி நான்கைந்து வருடங்களே ஆன இளவயதுக்காரர். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். துறைத் தலைவர் ஆண்டறிக்கையில் உங்கள் ஊரைப் பற்றிய பகுதி முழுவதையும் வாசித்தார். படத்துக்குக் கீழே இருந்த வரி வந்ததும் நான் எழுந்து, "இதை அக்காகிட்டக் கேக்காம அனுப்பினது நான்" என்றேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "சொன்னது நான்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். எங்கிட்டக் கேக்காமப் போட்டாக, அது தப்பு. அதை டீச்சர் ஒத்துக்கிட்டாக." பிறகு முதலாளி பக்கம் திரும்பினீர்கள். "உங்களைக் காட்டிக் குடுக்கணும்னு சொல்லல முதலாளி. ஆறு பேர் உக்காந்தா, எந்திரிச்சு ஓட வாசல் பத்தாது. உங்களுக்கும் அதுதான நட்டம்?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிறகு, "அந்த ரூம் விசயத்தை நான் பாக்குறேன். வேலைக்கு வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். கூடத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

பல்கலைக்கழகத்தில் கூட்டமைப்பின் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினோம். ஊரைப் பற்றி எதை எழுதினாலும் அச்சுக்குப் போகும் முன்பு ஊரில் வாசித்துக் காட்ட வேண்டும், ஊர் ஒப்பாததை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. கையெழுத்துப் போடும் நாளில் நீங்கள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு கோடு இருக்கு. எங்க ஊருக்கு எங்கன?" என்றீர்கள். பதிவாளர், படிவத்தில் நிறுவனங்களுக்கு மட்டும்தான் இடம் என்றார். துறைத் தலைவர் என் கையில் இருந்த அளவுகோலை வாங்கி ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்தார். நீங்கள் அழுத்தி அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாக, முழுப்பெயரையும் எழுதினீர்கள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கியதும் பேனாவை மூடி வைத்தீர்கள். "போட்டோ வேண்டாம் தம்பி."

ஒரு மாதம் கழித்து வந்தபோது நீங்கள் வேறு ஆலைக்கு மாறியிருந்தீர்கள். சிவகாசிக்கு அந்தப் பக்கம், இன்னும் தூரம். ஏன் என்று கேட்டேன். "அங்க வேன் வாசலுக்கே வருது டீச்சர். நல்ல இடம்." நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஆலையில்தான், இரண்டு வருடம் கழித்து, ஒரு சின்ன அறை பற்றிக்கொண்டது. கல்யாணமாகி ஆறு மாதமே ஆன ஒரு பெண்ணின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. ஒருவரையும் பசையோடோ மையோடோ அவள் அருகில் வர விடாமல் நீங்கள் தடுத்துவிட்டு, வளையலைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தீர்களாம். டிரைவரிடம், பக்கத்துக் கிளினிக்கில் நிறுத்தாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொல்லி, வேனிலும் ஈரத்துணியைப் பிடித்தபடியே போனீர்களாம். "இந்த முதலுதவி யார் செஞ்சது?" என்று மருத்துவர் கேட்டதற்கு, "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னீர்களாம். அந்தப் பெண்ணுக்கு விரல்கள் மடங்குகின்றன. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்களிடம் காட்டிய நாளில் நானும் இருந்தேன். அன்று உங்கள் தங்கையின் பெயரை முதன்முறையாக என்னிடம் சொன்னீர்கள்.

உங்களை அறியாதவர்கள், நீங்கள் இறந்ததையும் உங்கள் ஊரையும் சொன்னதும், வெடி விபத்திலா போனார்கள் என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். மஞ்சள் காமாலை. காய்ச்சல்தானே என்று வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தீர்கள். மதுரைக்குக் கொண்டுபோகும்போது காலம் கடந்துவிட்டது. நான் வந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கத்துக்கு வந்தபோது முத்துலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் உங்களுக்குப் பின்னால் இருந்த மூவரில் ஒருத்தி. அழுது ஓய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியாது டீச்சர். ஊர்ல வாசிச்சதுக்கு மறுநாள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டு விட்டாரு. நாலு பேரையும் எடுத்தா மத்த கம்பெனிக்காரங்க என்னைய ஒரு மாதிரிப் பேசுவாங்கன்னாரு. அக்காதான், அப்ப இவுக மூணு பேரையும் எடுத்துக்கோங்க, நான் வேற பாத்துக்கிடுறேன்னு சொல்லிட்டு வந்தா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நாங்க சொல்லுவோம்னுதான் சொன்னோம். அவதான் வேண்டாம்னுட்டா. டீச்சருக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்பட்டு இங்கன வர்றதையே விட்டுருவாகன்னு சொன்னா."

அக்கா, நீங்கள் என்னைச் சரியாகத்தான் கணித்திருந்தீர்கள். அப்போதே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன். வேறு யாரையாவது ஒருங்கிணைப்பாளராகப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வெட்கத்தைத் தியாகம்போல வீட்டில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன். உங்கள் தெருவில் முகம் காட்டுவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தெரிந்த பிறகும் இரண்டு மாதம் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் திரும்பிப் போகத்தான் பார்த்தது. இன்றைக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் இருக்கிறது. உங்கள் வீட்டைத் தாண்டும்போது உங்கள் கணவர் எழுந்து நின்று தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். பிறகு கூடத்துக்குப் போய், பையைத் திறந்து, ஊருக்கு வாசிக்க வேண்டிய தாள்களை எடுத்து, பெண்கள் எல்லோரும் வந்து சேரும்வரை காத்திருப்பேன்.

வருவதை விடவில்லை அக்கா.